நயாயோ விளையாட்டுக் கழகம்

கோடை வந்தால் கனடாவின் ஸ்காபரோவில், விட்டுவந்த ஊர்களின் பெயரில் நடக்கும் ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்துவிடும். தொண்ணூற்றாறில் ராகுலனுக்கும் பிடித்தது. அவனுடைய அணியில் பதினொரு பேர், பதினொரு ஊர். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ற் நைரோபியில் நடுத்தெருவில் விட்டுப் போக, அங்கே கிடந்த ஒரு வருடம்தான் அவர்களைச் சேர்த்துவைத்தது. நயாயோ தேசிய விளையாட்டரங்குக்கு வெளியே காலையில் பந்தடித்து, உள்ளே மாட்ச் நடந்தால் போயிருந்து தொண்டை கிழியக் கத்தி, அப்படித்தான் மனம் பேதலிக்காமல் தப்பினார்கள். அணிக்கு அரங்கின் பெயரையே வைத்தார்கள்.

மோர்னிங்சைட் மைதானத்தில் அந்தப் பெயரையும் அது வந்த கதையையும் கேட்டதும் போட்டித் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா முகத்தைச் சுளித்தார். ஒரு அணி, ஒரு ஊர். அதற்கு ஊர்ப் பெரியாள் ஒருவர் சாட்சி. விதி என்றால் மனுசனுக்கு உயிர்.

"நைரோபி உங்கட ஊரே, தம்பி?"

"ஓம் அண்ணை. எங்கட ஊராளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

வாய் முந்திவிட்டது. இனி ஆள் வராவிட்டால் ஆட்டமும் இல்லை, மானமும் இல்லை. ரெக்ஸ்டேல் பிஸ்கட் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் நைரோபிக்காரி கிளடிஸுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்ட மனுசி காரில் பறந்து வந்து சேர்ந்தாள்.

இவர்கள் உங்கள் ஊர் ஆட்கள் என்று எப்படித் தெரியும் என்று தலைவர் ஆங்கிலத்தில் மடக்கினார். கிளடிஸ் ராகுலன் பக்கம் திரும்பினாள்.

"நயாயோவில் மழை வந்தால் எங்கே ஒதுங்குவாய்?"

"எங்கே ஒதுங்குவது? கூரை பெரிய மனிதர்கள் இருக்கிற பக்கம் மட்டும்தானே. நாங்கள் நனைந்துகொண்டே கத்துவோம்."

கிளடிஸ் கைகொட்டிச் சிரித்தாள். "இவர்கள் எங்கள் பிள்ளைகள்," என்றாள்.

சாட்சி கேட்டவர் தலைவர்தானே, வந்த சாட்சியை எப்படித் திருப்பி அனுப்புவது? விளையாடச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பதினொரு பேரும் துள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

இரண்டாம் பாதியில் மழை கொட்டியது. பார்க்க வந்த சனம் முழுக்கக் கூடாரத்துக்குள் ஓடியது, தலைவர் இருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். கோட்டோரத்தில் ஒரே ஒருத்தி மட்டும் தொப்பலாக நனைந்தபடி, அசையாமல் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

ராகுலனுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பந்து அவன் காலுக்கு வந்தது.

"ஊர் வந்து நிக்குதடா," என்று கத்திக்கொண்டு கோலை நோக்கி ஓடினான்.