மூடாத வால்வு

தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டேதான் போனில் பேசுவாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நானும் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக் கேட்பேன். அன்றைக்குக் காலையில் பேச்சுக்கு நடுவே திடீரென்று "ஐயோ" என்றாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. இந்த ஊர்க் குழாயை லேசாத் திறந்தாலே மூஞ்சியில அடிக்குது. தட்டு கையை விட்டே போயிடுச்சு. தண்ணியா இது, ராட்சசி!"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எங்கள் புது வால்வு நினைவுக்கு வந்தது. ஒரு காலில் செருப்போடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் இதுதான். நான் வேலை பார்ப்பது வாஷிங் மெஷின் வால்வுகளைச் சோதிக்கிற லேபில். மெஷினுக்குள் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் அந்த வால்வுதான். ஹெட் ஆபீஸ் கடல் தாண்டி, தங்கச்சி இருக்கிற நாட்டில்தான் இருக்கிறது. அவர்கள் வரைந்து அனுப்புவார்கள், நாங்கள் சோதித்துப் பார்த்துச் சொல்வோம். வருஷக்கணக்காக இதுதான் எங்கள் லேபின் பிழைப்பு. அவர்களுடைய வால்வு திறக்க வேண்டுமானால் தண்ணீர் வேகமாக வந்து முட்ட வேண்டும். இங்கே மொட்டைமாடி டேங்கிலிருந்து நூலாக இறங்குகிற தண்ணீருக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது. சொல்லிப் பார்த்தோம், எழுதிப் பார்த்தோம். கடைசியில் எரிச்சல் தாங்காமல் நாங்களே ஒன்று செய்தோம். நூல் தண்ணீருக்கும் திறக்கிற வால்வு. வரைந்தவள் நான்.

ஹெட் ஆபீஸ் அசந்துவிட்டது. இனிமேல் உலகம் முழுக்க விற்கிற எல்லா மெஷினிலும் இதையே போடலாமா என்று கேட்டார்கள். தங்கச்சி பேசியதற்கு மறுநாள் அங்கே பெரிய தலைகள் முன்னால் டெமோ; வால்வு ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தேறினால் எங்கள் லேபும் வடிவமைக்கிற லேப் ஆகிவிடும். தேறாவிட்டால் எங்கள் குழுவைக் கலைத்துவிட்டு, பழையபடி அடுத்தவர் வரைந்ததற்கு டிக் அடிக்க உட்காரவைத்துவிடுவார்கள்.

வால்வை மூடிவைத்து, கைப்பம்பால் அழுத்திப் பார்த்திருந்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆனால் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை அது நடுவில் நிறுத்துமா என்று பார்க்கவே இல்லை. மறந்துபோகவில்லை, தோன்றவில்லை. எங்கள் லேபிலும் அதே மொட்டைமாடி டேங்க்தானே. வேகத் தண்ணீரை நாங்கள் எந்தக் காலத்தில் கண்டோம்? திறக்குமா திறக்குமா என்று தவித்தவர்களுக்கு, மூடுமா என்ற கேள்வி எங்கிருந்து வரும்!

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பூப்போல’. ஹெட் ஆபீசிடம் எதையும் பூப்போலச் சொல்லணும் என்பார். தங்கமான மனிதர், பயந்த சுபாவம். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"உங்ககிட்டதான் சார் முதல்ல."

"மூடினாலும் மூடும் இல்ல?"

"மூடலாம். மூடாமலும் போகலாம். அப்புறம் டெமோ நடக்கிற இடம் குளம்தான்."

நெற்றியைத் தேய்த்தார். "நம்மகிட்ட அந்த வேகத்துல தண்ணி எங்கம்மா இருக்கு, பார்க்கிறதுக்கு?"

எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது. உபரியாக இருந்த வால்வைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவர் காரிலேயே தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். வழியில் சிக்னல் விழுந்த இடத்திலெல்லாம் அவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒருத்தி அப்போதுதான் வீட்டுக் கடன் வாங்கியிருந்தாள். அவள் முகம் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

நாங்கள் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்து நிலைய அதிகாரி பாதி எழுந்துவிட்டார். "எங்க தீப்பிடிச்சிருக்கு?"

"எங்க வயித்துலதான் சார்," என்றார் பூப்போல. அந்த நிலைமையிலும் அவருக்கு அது வந்தது.

கதையைக் கேட்டு அதிகாரி சிரித்தாரே ஒழிய, மறுக்கவில்லை. தீயணைப்பு வண்டியின் ஹோஸ் முனையில் சின்ன பைப் ஒன்றை மாட்டி, அதில் எங்கள் வால்வைப் பொருத்தினோம். வால்வை இயக்க ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச். வண்டியின் அழுத்த முள், ஹெட் ஆபீஸ் இருக்கும் ஊரின் வீட்டுக் குழாய் அளவுக்கு வந்ததும் சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கடவுளே என்று சுவிட்சை அணைத்தேன்.

தண்ணீர் நிற்கவில்லை.

"நிறுத்துங்கம்மா," என்றார் அதிகாரி.

"நிறுத்திட்டேன் சார்."

பேட்டரி வயரையே பிடுங்கிப் பார்த்தேன். அப்போதும் ஓடியது. பூப்போல முழங்கால்வரை நனைந்து, நகரக்கூடத் தோன்றாமல் நின்றார். கடைசியில் அவர்கள்தான் வண்டியின் பம்பை நிறுத்தினார்கள். அதுவரை ஒரு ஓரமாக உயிரோடிருந்த ஆசையும் அங்கேயே செத்தது.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் அவருடைய போன் அடித்தது. ஹெட் ஆபீசில் டெமோவைக் கவனிக்கிற என்ஜினியர். பூப்போல ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

ஒத்திகைக்காக முந்தின நாளே வால்வை மாட்டிப் பார்த்தானாம். தண்ணீர் நிற்காமல் தரை முழுக்க ஓடிவிட்டதாம். நான்தான் ஏதோ தப்பாகப் பொருத்தி உங்கள் வால்வைக் கெடுத்துவிட்டேன், என்ன தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடியும் பிடிபடவில்லை என்றான். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிவிடுகிறேன், புதிதாக ஒன்று அனுப்பினால் போதும், டெமோவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்றான்.

பூப்போல முகத்தில் ரத்தம் திரும்பியது. போனைக் கையால் பொத்தினார். "ஒரு வாரம்மா! நாம கேட்கவே இல்ல, அவனே தர்றான். அதுக்குள்ள சரி பண்ணி அனுப்பிடலாம். யாருக்கும் தெரியாது."

எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்வானேன். இத்தனை வருஷமாக அங்கே எது உடைந்தாலும் முதல் கேள்வி எங்களுக்குத்தான் வரும். நாங்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் தப்பைத்தான் தேடுவோம். முதல் தடவையாக அங்கே ஒருத்தன், எங்கள் பொருளில் தப்பிருக்காது என்று நம்பி, தன் கையில் தப்பைத் தேடியிருக்கிறான். மனசு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். குளிரவில்லை. அவன் ரிப்போர்ட்டில் தன் தலையில் போட்டுக்கொள்ளப்போவது என் தப்பு.

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். பொருத்தியதில் கோளாறு இல்லை, வடிவமைப்பில்தான் கோளாறு, இங்கேயும் இப்போதுதான் பார்த்தோம், எங்களுக்கும் நிற்கவில்லை என்று சொன்னேன்.

எந்த அழுத்தத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டான். சொன்னேன்.

சரிசெய்ய முடியுமா என்று கேட்டான்.

"தெரியல. செஞ்சு பார்க்கணும்."

பூப்போல கண்ணை மூடிக்கொண்டார். அவன் ரிப்போர்ட்டைத் திருத்துகிற கீபோர்டுச் சத்தம் கேட்டது. பிறகு, வழக்கமாகக் கிளை லேப் என்று மட்டும்தான் போடுவோம், ஆனால் வடிவமைப்புக் கோளாறு என்றால் வடிவமைத்தவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான்.

அங்கிருந்து யாரும் அதை என்னிடம் கேட்டதே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். நடுவில் குரல் உடைந்துவிட்டதால், கடைசி இரண்டு எழுத்தை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.