பல்லுக்கு வாங்கிய கடன்

விலாசினிக்கு ஆனந்தபாய் கொடுக்க வேண்டியிருந்தது ஏழாயிரத்து இருநூறு ரூபாய். பல்லுக்கு என்று சொல்லி வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து விலாசினியின் முன்னால் வாயைத் திறந்து சிரிக்க முடியாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரே கான்கிரீட் கூட்டத்தில் சட்டி சுமக்கிறவர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கே வீட்டுக்குக் கூரை போட்டாலும் போய்வருவார்கள். சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றும்போது விலாசினி எப்போதும் ஒரு படி மேலே. சட்டியை நீட்டும்போதெல்லாம் முகத்துக்கு நேராக முகம் வரும். ஆனந்தபாய் உதட்டை இறுக்கிக்கொள்வாள். “இப்பவும் நோவு உண்டாட்டி?” என்று விலாசினி கேட்பாள். தலையை மட்டும் ஆட்டுவாள்.

நோவு இருந்தது. பல்லில் இல்லை.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஜெயதாஸ் பக்கத்தில் வந்தாலே உடம்பு தானாகச் சுருங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல எரியும். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக் கிடந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், “பேரப்பிள்ளய கண்டாச்சு, இனி கொஞ்சம் கர்த்தருக்கும் பயப்படணும்லா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நோவுது என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. ஜெயதாஸும் சிரித்தான். ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவன். மறுநாள், “நான் எழும்பிப்போறப்ப உனக்க உறக்கம் கெடுது” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இருவர் மட்டுமே இருக்கிற வீடு. அந்தப் பாய் உள்ளே திரும்பி வரவில்லை. ரப்பர் காசு வந்தால் எப்போதும்போல அவள் கையில்தான் கொடுத்தான், மீன் வாங்கி வந்தால் தலை அவளுக்குத்தான். ஆனாலும் வீட்டில் ஏதோ ஒன்று இடம் மாறிக் கிடந்தது. சோப்புகூட முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

உதியன்குளங்கரையில் பேக்கரிக்கு மேலே புதிதாகத் திறந்த கிளினிக்கின் விளம்பரம் போனில்தான் வந்தது. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், வாயு மட்டும் போதும் என்று ஒரு பெண் மலையாளத்தில் சொன்னாள். சோடாவில் அடைக்கிற அதே வாயு. முகச் சுருக்கத்துக்கும் கொடுப்பார்களாம், பெண்கள் வெளியே சொல்லாத வறட்சிக்கும் எரிச்சலுக்கும் கொடுப்பார்களாம். ஆனந்தபாய் கோழிக்குத் தவிடு பிசைகிற சாக்கில் கொல்லையில் நின்று, சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு ஒட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வெளியே சொல்லாதது என்று அந்தப் பெண் சொன்ன இடத்தில் ஒவ்வொரு தடவையும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் படியேறினாள். மேலே மேசைக்குப் பின்னால் இருந்தது சோனா. ராஜையாவின் மகள். சபையின் பெண்கள் சங்கத்தில் அவளுடைய அம்மாவும் ஆனந்தபாயும் ஒரே பெஞ்சு.

“மாமியே! நீங்க இஞ்ச எதுக்காக்கும்?”

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“முகத்துக்கு மக்கா.”

கடன் வாங்கிய பணம் முழுவதும் முகத்துக்குப் போயிற்று. நான்கு தடவை வரவேண்டும் என்று சோனா ரசீது எழுதினாள்.

லேகா டாக்டர் முகத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, மெல்லிய மூடி ஒன்றை அதன்மேல் ஒட்டி, குழாய் வழியாக வாயுவைத் திறந்துவிட்டார். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு அரிசி வேகிற பானையைத் திறந்ததுபோல ஒரு சூடு. மூடிக்குள் கண்ணை இறுக்கிக் கிடந்து, இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போது, என்று ஆனந்தபாய் நினைத்துக்கொண்டே இருந்தாள். “எரிச்சல் உண்டா?” என்று டாக்டர் கேட்டார். “உண்டு” என்றாள். டாக்டர் வாயுவைக் கொஞ்சம் குறைத்தார்.

எதிரே, வெளியே சொல்லாததற்கென்று இன்னொரு அறை இருந்தது, எப்போதும் சாத்திய கதவோடு. வெளியே யாருடைய செருப்பாவது கிடக்கும். ஒருநாள் பாலராமபுரம் கைத்தறிச் சேலை உடுத்திய ஒருத்தி அந்தக் கதவைத் திறந்து வந்து, சாதாரணமாகச் செருப்பை மாட்டி, கீழே பேக்கரியில் பன் வாங்கிக்கொண்டு போனாள். ஆனந்தபாயின் வயதுதான் இருக்கும். அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? எந்த வார்த்தையால் தொடங்கியிருப்பாள்? பஸ் வரும்வரை அதே யோசனை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மூன்று தடவை முடிந்தபோது முகம் மினுங்கத் தொடங்கியது, அல்லது பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றியது.

“எட்டி ஆனந்தபாயி, பல்ல பிடுங்கினா முகம் இப்பிடி மினுங்குமா?” என்று விலாசினி சட்டியை வாங்கிக்கொண்டே கேட்டாள். “அப்பம் எனக்க முப்பத்திரண்டையும் பிடுங்கச் செல்லு!”

மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனந்தபாய் சிமென்ட் பூத்த புறங்கையால் வாயை மறைத்தாள்.

வீட்டில் ஜெயதாஸ் சிரிக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, முழங்கையில் காய்ந்திருந்த ரப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“யாருக்கு வேண்டியாக்கும் இந்த மினுக்கு எல்லாம்?”

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். விலை கேட்பதுபோலக் கேட்டான்.

“ரெண்டு நாளு பணி இல்லேல்லா, வெயிலு கொள்ளல்ல, அதாக்கும்” என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனான். அப்புறம் அவளிடம் பேசும்போதெல்லாம் முற்றத்தைப் பார்த்துப் பேசினான். முகத்தை மினுக்க ஆசை உள்ளவளுக்குத் தன்னிடம் மட்டும் ஆசை வற்றிப்போயிற்று என்று அல்லவா நினைப்பான்? நோவைச் சரியாக்கப் போன வழியே நடுவில் ஒரு சுவராகிவிட்டது. அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டின் பாதியில் எழுந்து சபைக்கு வெளியே போய் நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்ட சோனாவின் அம்மாவிடம், பல் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் விலாசினியின் குரல் கேட்டது.

“ஜெயதாசே, வீட்டுக்காரிக்க பல்லு சரியாச்சா? மோனுக்கு காலேஜ்ல பீஸ் கெட்டணும். அந்த ஏழாயிரத்து இருநூறு கிட்டினா கொள்ளாம்.”

ஆனந்தபாயின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. அந்தக் கடன் ஜெயதாஸுக்குத் தெரியாது.

“நாளை தாறேன் அக்கா” என்றான்.

விலாசினி போன பிறகு துவைகல்லுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

“வாய தொற.”

திறந்தாள். அவன் அவளுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் கை அவள்மேல் பட்டது. ஒரு பக்கம் முழுதும் பார்த்து, மறுபக்கம் திருப்பிப் பார்த்தான்.

“பல்லு எல்லாம் அதுபோல உண்டே.”

“உண்டு.”

“பின்னே?”

வாய் ஏற்கெனவே திறந்து கிடந்தது. அதனால்தானோ என்னவோ, சொல் தானாக வந்தது.

“நோவுது. நீங்க பக்கத்தில வந்தா எனக்கு உள்ள நோவுது. ரெண்டு வருஷமாட்டு. பிடிக்காம இல்ல. அதுக்கு பாக்கவாக்கும் போனேன். அங்க ராஜையாவுக்க மக இருந்தா. முகத்துக்குன்னு செல்லிப்போட்டேன்.”

அவன் தாடையை விடவில்லை. “மொத்தப் பைசாவும் முகத்துக்கா?”

“ஒரு தடவ பாக்கி உண்டு.”

சிரிப்பு அவன் மூக்கில் தொடங்கி அங்கேயே நின்றுபோயிற்று. கையை எடுத்து விரல்களைப் பார்த்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை.

“எனக்க இந்த ரப்பர் நாத்தம் உனக்கு பிடிக்கல்லன்னு நெனச்சேன். எத்தனை சோப்பு தீத்தேன் தெரியுமா?”

ஆனந்தபாய் துணியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சோப்புத் தண்ணீர் சேலையில் இறங்கியது.

மறுநாள் மாலை இருவருமாக விலாசினி வீட்டுக்குப் போனார்கள். பைக்குக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம், அதோடு ரப்பர் காசு. விலாசினி விரலை நனைத்து எண்ணினாள்.

“சரியாட்டு உண்டு. இனி எனக்கும் உனக்கும் கடன் இல்ல கேட்டியா. பல்லு எப்பிடி?”

ஆனந்தபாய் உதட்டை இறுக்கினாள். ஜெயதாஸ்தான் பதில் சொன்னான்.

“சரியாவுமோ இல்லியோன்னு தெரியாது அக்கா. டாக்டர்ட்ட இன்னும் ஒழுங்கா காட்டல்ல. வியாழாச்ச இன்னொருக்க போகணும். நானும் போறேன்.”

“பல்லு காட்ட மாப்பிள்ளயும் கூடயா? கொள்ளாம்! அப்பிடி எந்தப் பல்லாக்கும் அது? காட்டு பாப்பம்.”

ஆனந்தபாயால் அடக்க முடியவில்லை. வாய் முழுவதும் திறந்து சிரித்தாள். விலாசினி ஒரு கையில் ரூபாயை மடித்துப் பிடித்தபடி, மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, அந்தச் சிரிப்புக்குள் கேடுவந்த பல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.