ஒன்றரை வருஷம்

டாக்டர் முத்துவடிவும் நர்ஸ் அலிமாவும் சாரலில் நனைந்தபடி புளியறை சோதனைச்சாவடிக்கு நடந்தே வந்திருந்தார்கள். லாரிகளில் மூட்டை ஏற்றும் சங்கிலிப்பாண்டியைத் தேடி. காசநோய்க்கு ஒன்றரை வருஷம் மருந்து எடுக்க வேண்டியவர், நாலாம் மாதத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

முத்துவடிவின் கைப்பையில் முந்தின நாள் வந்த கடிதம் இருந்தது. மதுரையில் மேற்படிப்புக்கு இடம். எண்பத்து மூன்று ஆகஸ்ட் முதல் தேதிக்குள் சேர வேண்டும். இன்னும் பதினோரு நாள். மூன்று முறை பரீட்சை எழுதிக் கிடைத்தது. கூடப் படித்தவர்களில் ஒருவர்கூட இப்போது கிராமத்தில் இல்லை. தென்காசியில் அப்பா பரமசிவன் பெட்டியே வாங்கிவிட்டார்.

சங்கிலிப்பாண்டி டீக்கடை பெஞ்சில் இருந்தார். அவர்களைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டார்.

“ஏன் அண்ணாச்சி வரல?”

“இருமல் நின்னுட்டுல்லா டாக்டரம்மா.”

“நின்னாலும் நோய் உள்ளதான் இருக்கும்.”

அவர் அலிமாவைப் பார்த்தே பேசினார். “மொதல்ல இருந்த டாக்டர் ஊசி போட்டாவ. போயிட்டாவ. அடுத்து வந்தவிய திரும்பவும் மொதல்ல இருந்து ஊசி போட்டாவ. அவியளும் பாதியில போயிட்டாவ. எல்லாரும் தங்கமானவியதான். முடிச்சு வச்சது ஒருத்தருமில்ல.” பிறகு முத்துவடிவு பக்கம் திரும்பினார். “நீங்க எப்பம் போவிய?”

அலிமா தலைகுனிந்துகொண்டாள். கடிதம் வந்தது அவளுக்குத் தெரியும்.

“பதினோரு நாள்ல,” என்றாள் முத்துவடிவு.

“மேல படிக்கவா?”

“ஆமா.”

“நல்லாப் படிங்க.” அதில் குத்தல் எதுவும் இல்லை.

கடைக்குப் பின்னால் அழைத்துப்போய் அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். இடது மேல்புறத்தில் மூச்சு கரகரத்தது. இன்னொரு தடவை பாதியில் விட்டால் எந்த மருந்தும் கேட்காது. அலிமா மாத்திரை கொடுப்பாள்தான். ஆனால் போன தடவை அடுத்த டாக்டர் வர ஏழு மாதமாயிற்று.

“நான் இருந்தா வருவியளா?”

“இருந்தா வருதேன்,” என்றார், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. அவள் இருப்பாள் என்று அவர் நம்பவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் அவள் சுகாதார நிலையத்திலேயே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தீபாவளி வரை பேசவில்லை. மதுரை இடம் வேறு யாருக்கோ போனது. சில சாயங்காலங்களில், சிரங்குக்குக் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு நிமிரும்போது, தான் செய்தது முட்டாள்தனம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றும். மறுபடி முதலிலிருந்து மருந்து தொடங்கிய சங்கிலிப்பாண்டி மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை.

எண்பத்தைந்து தை மாதம் கடைசி மாத்திரையை அவள் எதிரிலேயே விழுங்கினார்.

“முடிஞ்சுட்டா?”

“முடிஞ்சுட்டு அண்ணாச்சி.”

“அப்பம் நீங்க போலாம் டாக்டரம்மா,” என்று கும்பிட்டார்.

அவள் சிரித்தாள். மேஜையில் அந்த வருஷத்துப் பரீட்சை விண்ணப்பம் பாதி நிரப்பியபடி கிடந்தது. பேனாவை எடுத்தாள். வெளியே வராந்தாவில், ராயகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு பெண், முந்தானையால் வாயை அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டு, கதவையே பார்த்து நின்றாள்.