தகவல் சொன்னவர்

டாக்டர் வாயால் சொல்வதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வந்திருக்கும் குழந்தைக்கு என்ன உபாதை, எப்போதிலிருந்து, என்ன மருந்து என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போவேன். முதல் கட்டம் 'தகவல் சொன்னவர்'. அதைத் தட்டினால் அம்மா, அப்பா, பாதுகாவலர், மற்றவர் என்று நான்கு வரும். பெரும்பாலும் அம்மாதான். மென்பொருளே அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும்.

அன்று காலை கதவைத் திறந்துகொண்டு வந்தது என் மகள். என் முன்னாள் கணவரின் இப்போதைய மனைவியின் தோளில்.

வார நாட்களில் மகள் அவர்கள் வீட்டில், சனி ஞாயிறு என்னிடம். தற்காலிக ஏற்பாடு. அடுத்த மாதம் கோர்ட்டில் மறுபடி விசாரணை. ஐந்து வயதுப் பெண் யாரிடம் வளர்வது என்று அன்று முடிவாகிவிடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் நான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"உன் பொண்ணாச்சே. நர்ஸை எழுதச் சொல்லட்டுமா?" என்றார் டாக்டர்.

"நானே எழுதறேன், டாக்டர்." என் பெண்ணைப் பற்றி ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி எழுதுவதா? நான் என்ன செத்தா போய்விட்டேன்?

கட்டத்தைத் தட்டி 'மற்றவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் 'தந்தையின் மனைவி' என்று அடித்தேன். கொஞ்சம் சத்தமாகவே அடித்தேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். "முந்தாநேத்து ராத்திரி மூக்கு ஒழுக ஆரம்பிச்சது, டாக்டர். நேத்து சாயங்காலம் காய்ச்சல், நூத்தி ரெண்டு. பாராசிட்டமால் கொடுத்தா இறங்குது, மறுபடி ஏறுது. கடைசியா இன்னிக்கு விடியக்காலைல கொடுத்தேன். வலது காதைப் பிடிச்சுக்கிட்டு அழறா. அந்தப் பக்கம் படுக்க மாட்டேங்கறா. தண்ணி குடிக்கறா, ஒண்ணுக்குப் போறதும் சரியா இருக்கு."

இங்கே வருகிறவர்கள் "ரெண்டு நாளா ஒரே காய்ச்சல்" என்பதற்கு மேல் வாயைத் திறந்தால் அதிசயம். மீதியை டாக்டர் கேட்டுக் கேட்டுக் கறக்க வேண்டும். இவளோ என் கட்டங்களின் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனாள். எங்கேயாவது ஒரு ஓட்டை அகப்படாதா என்று பார்த்தேன். அகப்படவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அடித்ததிலேயே சுத்தமான விவரம் அதுதான். எனக்குக் காதில் புகை வந்தது.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் கருவியை எடுத்தார். "தலை அசையாம பிடிச்சுக்கங்க."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மகள் "சித்தி" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன் என்பதுபோல் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த கட்டம் ஒவ்வாமை. எந்த மருந்தாவது உடம்புக்கு ஆகாமல் போயிருக்கிறதா என்று, குழந்தையைக் கொண்டுவந்தவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேட்ட பிறகே 'கேட்டு உறுதி செய்யப்பட்டது' என்ற பொத்தானைத் தொட வேண்டும். போன தடவை நான் கூட்டிவந்தபோது சொன்ன 'இல்லை' அங்கே அப்படியே இருந்தது. பெற்றவள் நான் இருக்க, இவளிடம் போய் என்ன கேட்பது? அழுத்தினேன்.

"செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கு. அமாக்ஸிசிலின் போட்டுக்கோ" என்றார் டாக்டர்.

போட்டேன். ஆகாத மருந்து என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தால் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும். வரவில்லை.

"பொடியில தண்ணி கலந்து கொடுப்பாங்களே, அதுவா டாக்டர்?" என்றாள் அவள். "அது இவளுக்கு ஆகாது. போன மாசம் வெளியூர்ல பல் ஈறு வீங்கினப்ப கொடுத்தாங்க. உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கிடுச்சு. இனிமே இதைக் கொடுக்கவே கூடாதுன்னாங்க." போனை நீட்டினாள். முதலில் மருந்துப் புட்டியின் படம். அடுத்து, கண் இடுங்கி உதடு உப்பிய ஒரு முகம். அது என் மகளுடையது என்று தெரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று.

"அவர் உங்ககிட்ட சொல்றேன்னாரேக்கா?" என்றாள்.

அந்த மனிதர் சொல்வாரா? இவளைக் கட்டிக்கொண்டதையே மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் எட்டி என் திரையைப் பார்த்தார். "இல்லைன்னு உறுதி செஞ்சிருக்கியே. இவங்ககிட்ட கேட்டியா?"

நான் பதில் சொல்லுமுன் அவளே தடுமாறினாள். "கேட்டிருப்பாங்க டாக்டர். இவ அழுதுட்டிருந்தா. நான்தான் கவனிக்கலையோ என்னவோ."

கோர்ட்டுக்கு ஒரு ஆயுதம் தானாகவே என் கைக்கு வந்துவிட்டது. தகவல் சொன்னவர், தந்தையின் மனைவி. ஒவ்வாமை, இல்லை என்று கேட்டு உறுதி செய்யப்பட்டது. இந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வக்கீலிடம் கொடுத்தால் போதும், அந்த வீட்டில் குழந்தையை எந்த லட்சணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கோர்ட்டில் வெளுத்து வாங்கிவிடுவார். நான் பெரிதாகப் பொய்கூடச் சொல்ல வேண்டாம். 'ம்' என்றால் முடிந்தது.

'ம்' சொல்லத்தான் நிமிர்ந்தேன். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. மகளின் வலித்த காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். தன்னால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்குமோ என்று பயந்துபோயிருந்தாள். அந்தப் பயம் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? நான் வக்கீல் வீட்டு வாசலுக்கல்லவா போயிருந்தேன்? இதிலும் முந்திக்கொண்டாளே பாவி என்று வயிறு எரிந்தது.

"கேக்கலை, டாக்டர்" என்றேன்.

டாக்டர் திரையைச் சுட்டிக் காட்டினார். "மாத்து" என்றார்.

'இல்லை'யை நீக்கி மருந்தின் பெயரைப் போட்டேன். திரை சிவந்தது. மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டது. பழைய பதிவும் அழியாது, காரணமும் அழியாது. கோர்ட் கேட்டால் என் பெயரோடு அச்சாகி வரும். 'கொண்டுவந்தவரிடம் கேட்காமல் பதிந்தது' என்று அடித்தேன்.

டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த குழந்தையைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். அவள் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"சனிக்கிழமை கொண்டுவந்து விடறேன்க்கா. மருந்தை எப்படிக் கொடுக்கணும்னு அப்பச் சொல்றேன். கசந்தா துப்பிடுவா."

துப்புவாளா? என்னிடம் ஒரு நாளும் துப்பியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காரு" என்றேன். "இவ விஷயத்துல எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கு? சொல்லு, எழுதிக்கறேன்."

அவள் சங்கடமாகச் சிரித்தபடி உட்கார்ந்தாள். நிறையவே இருந்தது.