வந்துபோனவங்க சாவி

"தொண்டதானே? வெந்நி போட்டுக் குடி. உனுக்குத்தான் வந்து போச்சே, இன்னொரு தபா எப்டி வரும்?"

"அதான் அத்தா எனுக்கும் புரியல."

"புரியறதுக்கு இன்னா கீது? மணலி கம்பெனிப் பொகை இன்னிக்கு இந்தப் பக்கம் அடிக்குது. எனுக்கே மூக்கு எரியுது. தண்டையார்பேட்ட பூரா இருமிகினுதான் கீது."

சௌக்கத் அலி சட்டையைக்கூடக் கழற்றாமல் சிமெண்டுத் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசையில் இரண்டு நாள் கிடந்து, துறைமுகத்துக்குள் கண்டெய்னரை இறக்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மகள் உமைமா உள்ளே வரவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே, மாடிப்படியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாவிக்கொத்து. முந்தின நாள் பள்ளிக்கூடத்துக் காய்ச்சல் முகாமில் அவள் மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுத்திருந்தார்கள். முடிவுக்காகக் கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உள்ள வா. குந்தி ஒரு வாய் சாப்டு."

"வேணாம் அத்தா. தெரியட்டும்."

"ரெண்டு வருசமா தெரியட்டும் தெரியட்டும்னே போவுது" என்று சொல்லி அவர் முழங்கையால் கண்களை மூடிக்கொண்டார்.

அவள் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எதுவும் அவர்கள் வீட்டுச் சாவி இல்லை. எல்லாம் இந்தக் கட்டடத்துச் சாவிகள். சிலவற்றில் நூல் கட்டியிருந்தது, சிலவற்றில் நகச்சாயம் பூசியிருந்தது, எந்த வீடு என்று தெரிவதற்காக.

கொரோனா வந்த முதல் வருடம் கட்டடமே பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, காய்ச்சல் வந்து குணமானவர்களை யாரும் கிட்டே சேர்க்கவில்லை. அப்புறம்தான் யாருக்கோ தோன்றியது. வந்துபோனவனுக்குத் திரும்ப வராது என்றால், அவனைவிட நல்ல ஆள் யார்? அதிலிருந்து அது ஒரு வழக்கமானது. படுத்துக்கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவது, விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்ப்பது, மருந்துக்கு ஓடுவது, இறந்தவரைக் குளிப்பாட்டுவதுகூட, எல்லாம் வந்துபோனவர்கள் வேலை. அவர்களுக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரு சாவி கொடுத்துவிட்டார்கள், ராத்திரி மூச்சுத் திணறினால் எழுந்து கதவைத் திறக்க முடியாதே என்று.

டெல்டா அலை வந்த போன மே மாதத்தில் உமைமாவும் படுத்தாள். எழுந்தபோது நாக்கில் ருசி இல்லை, மூக்கில் வாசனை இல்லை, கையில் சாவிக்கொத்து இருந்தது. அந்த நாட்களில் அவள் படியேறும்போது ஒரு விசித்திரமான நிம்மதி இருக்கும். எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருக்க, தான் மட்டும் உலர்ந்த உடையோடு நடந்துபோவதைப் போல. ஆறு மாதம் அந்த நிம்மதி அவளைக் கைவிடவில்லை. அசதிதான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. இப்போது பொங்கலுக்கு மூன்றாவது தடவையாகக் காய்ச்சல் தெருவுக்குள் வந்தபோது, யாரும் பயப்படவில்லை. பெருமூச்சு விட்டார்கள். வந்துபோனவர்கள் மறுபடியும் தூக்குவாளிகளைக் கழுவி எடுத்தார்கள்.

போன் அடித்தது. பூமாரி. காய்ச்சல் முகாமில் சளி எடுக்கும் பெண்.

"உமைமா, எங்க கீற?"

"வூட்டு வாசல்ல. சொல்லுக்கா."

"பாசிட்டிவ்."

உள்ளே அத்தா முழங்கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தப்பா கீப்பா இருக்குமா அக்கா? எனுக்கு மே மாசமே வந்துச்சே."

"நீ ஒருத்தி இல்லடி. உங்க பில்டிங்குல தௌசீஃபுக்கும் வந்துகீது. அவனும் சாவிப் பார்ட்டிதானே? எனுக்கே இப்பதான் உறைக்குது. இந்தத் தெருவுல மொதல்ல படுக்கறதே நீங்கதான். இது ஒமைக்ரான். பழைய கொரோனாதான், ஆனா மேல்தோலு மாறிப் போச்சு. உன் உடம்பு மே மாசம் பார்த்த மூஞ்சியத்தான் ஞாபகம் வெச்சிகினு நிக்குது. இத்த அதுக்கு அடையாளம் தெரியல. உன்னைப் பெருசா ஒண்ணும் பண்ணாது, அஞ்சு நாளு சளி. ஆனா சொம்மா பறக்குது. தொண்ட வலிக்கறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே பரவும். அந்த ரெண்டு நாளுல யார் யார் வூட்டுக்குப் போன?"

உமைமா சாவிக்கொத்தைப் பார்த்தாள். நீல நகச்சாயம் பூசிய சாவி மேலே வந்து கிடந்தது.

"அக்கா, அப்புறம் பேசறேன்."

"சொல்லிட்டு வையி—"

அவள் வைத்துவிட்டாள்.

"இன்னாவாம்?" என்றார் அத்தா.

"வந்துகீது. பழசுதானாம், மேல்தோலு மாறிப் போச்சாம். அதான் உடம்புக்கு அடையாளம் தெரியலையாம்."

சௌக்கத் அலி கூரையைப் பார்த்தார். "நம்பர் பிளேட் மாத்தின வண்டி" என்றார். "கேட்டுல நிக்கறவன் பழைய நம்பரையே எழுதி வெச்சிகினு பார்த்துகினு இருப்பான். வண்டி அவன் எதிர்லியே உள்ள பூடும்." பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "மதி வூட்டுக்குப் போனியா?"

நீலச் சாவி மதி வீட்டுடையது. மூன்றாம் மாடி.

மதி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கிரேன் சத்தத்துக்கு நடுவே, கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கண்டெய்னரின் எண்ணையும் கத்திச் சொல்கிற வேலை. அந்தக் குரல் மூன்றாம் மாடியில் பேசினால் கீழே குழாயடியில் கேட்கும். சிறுநீரகம் கெட்டு, அவன் மனைவி மகிழினி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வேறொருவர் சிறுநீரகம் என்று உடம்பின் காவல்காரர்கள் அதை விரட்டிவிடாமல் இருக்க, அவர்களைத் தூங்கவைக்கிற மாத்திரைகளை அவன் ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டும். காவல் தூங்குகிற வீட்டுக்குள் எது வேண்டுமானாலும் நுழையலாம். இரண்டு ஊசி போட்டும் அவன் உடம்பில் எதிர்ப்பு பேருக்குத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகிழினி இரண்டு வருடமாகக் கதவைத் திறக்கவில்லை. சொந்த அண்ணன் வந்தபோதுகூட கீழே நிறுத்திப் பேசி அனுப்பினாள். உமைமாவுக்கு மட்டும் சாவி கொடுத்திருந்தாள்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. சாலையில் ஒரு லாரிகூட ஓடாமல், கடல் சத்தம் கட்டடம் வரை வந்தது. உமைமா மருந்து கொடுக்கப் போனாள். மதி கேரம் பலகையை எடுத்துப் போட்டு, பவுடர் தூவி, ஊதினான்.

"ஒரு போர்டு ஆடிட்டுப் போ. உங்க அக்காகூட ஆடி ஆடி எனுக்கு வெறுத்துப் போச்சு. அவ தோத்தா சோறு போட மாட்டேன்றா."

உமைமா முகக்கவசத்தோடு உட்கார்ந்தாள்.

"மாஸ்க்க இன்னாத்துக்குக் கட்டிகினு கீற? நீதான் பாஸ் வெச்சிருக்கற ஆளாச்சே. உன்னை எந்தக் கேட்டுலயும் நிறுத்த மாட்டான். கயட்டு. மூஞ்சப் பார்த்து ஆடுனாத்தான் ஆட்டம்."

அவள் கழற்றினாள். அவனும் கழற்றினான். மகிழினி தடுக்கவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, கணவன் தோற்பதையும், தோற்றுக்கொண்டே வம்பிழுப்பதையும், ராணிக் காயை உமைமா போட்டதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உமைமா கிளம்பும்போது, "இவுரு இப்டி சிரிச்சி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நாளைக்கும் வா" என்றாள்.

"போனேன் அத்தா" என்றாள் உமைமா. "மாஸ்க்க கயட்டிட்டு ஆடினேன்."

அவர் திட்டவில்லை. "நானா இருந்தாலும் கயட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்தார்.

அவள் படியேறினாள். முன்பெல்லாம் இரண்டிரண்டு படியாகத் தாவியவள், இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். மூன்றாம் மாடிக்குப் போகாமல் அதற்குக் கீழ்த் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து அந்தப் பச்சைக் கதவு தெரிந்தது. படிக்கட்டுச் சன்னலுக்கு அப்பால் மணலிப் பக்கத்து வானம் மாலை வெயிலில் மங்கிக் கிடந்தது. மகிழினிக்குப் போன் செய்தாள். கதவுக்குப் பின்னாலேயே மணி அடிப்பது கேட்டது.

"எங்கடி ரெண்டு நாளா காணோம்? உன் சாவிய எலி தூக்கிகினு பூட்சா?"

"அக்கா, நான் கீழ்ப் படியில கீறேன். கதவத் தொறக்காத."

"ஏன்?"

"எனுக்கு வந்துகீது."

"இன்னா வந்துகீது?"

"அதேதான். புதுசு. வந்துபோனவங்களுக்கும் வருதாம். ஞாயித்துக்கெயம உங்க வூட்ல குந்தினு இருந்தப்பவே எனுக்குள்ள இருந்திருக்கும்."

பின்னால் மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, திட்டறதுன்னா திட்டு. ஆனா இப்பவே கிட்னி டாக்டருக்குப் போன் போடு. காய்ச்சல் வர்ற வரிக்கும் உக்காந்திருக்காத. சீக்கிரம் போனா மருந்து கீது."

"அவுருக்கு ஒண்ணியும் இல்ல" என்றாள் மகிழினி. குரல் தட்டையாக இருந்தது. "நெத்தி சில்லுன்னுதான் கீது. காலைலதான் தொட்டுப் பார்த்தேன்."

"ஏன் தொட்டுப் பார்த்த?"

உமைமா கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அக்கா, ஏன் தொட்டுப் பார்த்த?"

"சொம்மா."

உமைமா மூச்சு வாங்கினாள். தொண்டையில் முள் வைத்ததைப் போல இருந்தது. எச்சில் விழுங்கினாள். இந்தப் புதுசு முதலில் தொண்டையைத்தான் பிடிக்கிறது. காலையிலிருந்து அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமாக அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மதியின் சத்தம் ஒன்றுகூட வரவில்லை. யார் போன், இன்னாவாம் என்று கத்துகிறவன்.

"அண்ணன் முயிச்சிகினு கீறாரா?"

"கீறாரு. பலகைய வெச்சிகினு தனியா ஆடிகினு கீறாரு."

கேரம் காய் ஒன்று பலகை விளிம்பில் மோதும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

உமைமா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பச்சைக் கதவைப் பார்த்தபடி சொன்னாள்:

"அக்கா, அவர ஒரே ஒரு தபா பேசச் சொல்லேன். ஏதாச்சும் ஒரு கண்டெய்னர் நம்பரு. ஹார்பர்ல கத்துவாருல்ல, அதே மாரி, சத்தமா."