ஐந்தாம் உலையை மூடியவர்

1
செயப்பாட்டு வினையை உலகிலிருந்து ஒழிக்கப்போகும் முதல் எழுத்தாளன் நான். இதை அடக்கத்துடன்தான் சொல்கிறேன்.

கதை பிறந்த விதம் இது: ஜெர்மனியில், ரூர் ஆற்றங்கரையில் எங்கள் ஊரின் ஹார்ட்கோப் எஃகு நிறுவனம், தன் நூற்றைம்பதாம் ஆண்டு மலரை எழுத என்னை அமர்த்தியது. பழைய மலர்களைப் புரட்டினேன். 1926: 'வென்னிங் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.' 1974: 'பணியாளர் எண்ணிக்கை சீராக்கப்பட்டது.' 1993: 'ஐந்தாம் ஊதுலை மூடப்பட்டது.' ஆக, நூற்றைம்பது ஆண்டுகளில் அங்கே எவரும் எதையும் செய்ததே இல்லை.

(ஒவ்வொரு இணைப்பின்போதும் நிறுவனப் பெயரில் ஒரு சிறுகோடு கூடியது, ஓர் உலை குறைந்தது. இப்போது ஆலையைவிடப் பெயர்ப்பலகை நீளம்.)

என் மலரில் ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆள் இருப்பார் என்று சபதம் செய்தேன்.

2
முதல் தொடக்கம்: 'உலையின் செந்நாக்குகள் வானத்தை–' வேண்டாம். நக்கியது போதும்.

இரண்டாம் தொடக்கம்: 'காலை பத்து மணிக்கு வில்லிபால்ட் ஷ்ரோயர் காற்றுக்குழாயின் வால்வைத் திருகினார். ஐந்தாம் உலை அணைந்தது.' இதுதான் வாக்கியம்! பணிப் பதிவேட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். உத்தரவிட்டவர்கள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

வில்லிபால்ட், ஞாயிறு பிற்பகல் சீட்டாட்டத்தில் எனக்கு இடப்பக்கம் உட்காருபவர். வலப்பக்கம் எகோன், அந்த உலையோடு வேலை போனவர். (கதாசிரியனுக்கு இத்தனை வசதியாக ஆட்கள் அமைவார்களா? எனக்கும் சந்தேகம்தான்.) நாங்கள் ஆடும் ஸ்காட் என்ற சீட்டாட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் இல்லை.

3
போன ஞாயிறு எகோன் பீர் எடுக்க உள்ளே போனதும் அச்சுப்படியை நீட்டினேன்.

"முதல் வரியே உங்க பேருதான் ஐயா."

வில்லிபால்ட் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இதை அடிச்சிரு."

"வரலாறுங்க."

"முப்பது வருஷமா, 'உலையை மூடின கை அழுகட்டும்'னு சொல்லிட்டுத்தான் அவன் சீட்டையே எடுக்கிறான். அந்தச் சீட்டைக் கலைச்சுப் போடுறது இந்தக் கைதான்."

"மேலிடம் சொல்லித்தானே செஞ்சீங்க?"

"சொன்னது அவங்க. திருகினது நான். பழைய புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு?"

"மூடப்பட்டது."

"நல்லாத்தானே இருக்கு!"

எகோன் மூன்று புட்டிகளோடு வந்தார். "என்ன குசுகுசுப்பு? சீட்டை மாத்தி வச்சீங்களாடா, திருட்டுப் பயலுங்களா? உலையை மூடின கை அழுகட்டும்! ம், போடு."

வில்லிபால்ட் போட்டார். ஒரு சீட்டு கீழே விழுந்தது. எகோன்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

4
முடிவுகள்:
அ) எகோன் மலரைப் படிக்கிறார். மேசை கவிழ்கிறது.
ஆ) "எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்று சிரிக்கிறார். (அழகான முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)
இ) அடுத்த ஞாயிறு என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எகோன் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே–

மலர் நேற்று அச்சுக்குப் போனது. பக்கம் 112: 'ஐந்தாம் ஊதுலை மூடப்பட்டது.'

(இக்கதையில் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)