ஆற்றைக் கடக்க ஓர் ஆள்

மேடம் பிரென்டிஸ் முகம் கழுவ நான் வெந்நீர் கொண்டுபோனபோது அவள் அறையில் இல்லை. அவளுடைய நாட்குறிப்பு, மை காய்வதற்காக, ஜன்னலோரம் திறந்து கிடந்தது. பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சொந்தக்காரர் யாருடைய துணையுமில்லாமல் குதிரையேறிப் புறப்பட்டவள். சேற்றிலும் பாறையிலும் நான்கு நாள் வந்திருக்கிறாள். முந்தின நாள் மாலை, வழிகாட்டி வந்த தபால்காரர் ஓபதியா அவளை எங்கள் சத்திரத்தில் கொண்டுவந்து சேர்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. அந்த மலைப்பில்தான் குனிந்து படித்தேன். சத்திரக்காரிக்கு எழுத்து தெரியுமென்று யார் நினைப்பார்கள்? என் அப்பா பள்ளிக்கூடம் நடத்தியவர்.

இரவு நான் பரிமாறிய பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் தீனித் தொட்டியிலிருந்து அள்ளியது போல இருந்தனவாம். எழுதிவிட்டுப் போகட்டும், அவள் தட்டை வழித்ததை நான் பார்த்தேன். அடுத்த பத்தி என் மகளைப் பற்றியது.

கெசியாவுக்குப் பதினாறு வயது. மேலுதடு மூக்கு வரை பிளந்தே பிறந்தவள். அந்நியர் முன் வாய் திறக்கமாட்டாள். முந்தின நாள் மழையில் நனைந்து நடுங்கிய இந்தப் பெண்மணியின் காலுறைகளைக் கழற்றிப் பாதங்களைச் சூடுபறக்கத் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

காலைச் சாப்பாட்டு மேசையில் ஓபதியாவும் இரண்டு மாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். மக்காச்சோள ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்க போற இடமெல்லாம் எழுதுவீங்களாமே மேடம். எங்க வீட்டைப் பத்தி எழுதுனதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

அவள் சிரித்தாள். புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள். நல்ல மனம் கொண்ட வீட்டுக்காரி, வெளுத்த படுக்கை விரிப்பு, அடக்கமான மகள் என்று தடங்கலே இல்லாமல் வாசித்தாள். கண்கூட அந்த எழுத்துமேல் ஓடியது.

"அழகா இருக்கு. ஆனா அங்க எழுதியிருக்கிறது அது இல்லையே." புத்தகத்தை அவள் கையிலிருந்து உருவினேன். "நான் வாசிக்கிறேன்."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் இனித்தது. அந்த இனிப்பு தீர்ந்துவிடக் கூடாதென்று நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தேன்.

"'இந்த வீட்டுப் பெண்ணைக் கடவுள் பாதி செய்துவிட்டுக் கைகழுவிவிட்டார். அந்த முயல்வாய் கஞ்சி உறிஞ்சும் சத்தத்தில் என் பசி செத்தது. தொழுவத்தில் கட்ட வேண்டியதை மேசையில் உட்காரவைக்கிறாள் தாய்.'"

யாரும் சிரிக்கவில்லை. ஓபதியா எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். அந்த நேரத்தில் பால் கறந்துகொண்டிருக்க வேண்டிய கெசியா, வாசற்படியில் வாளியோடு நின்றிருந்தாள்.

ஊர்ப் பிள்ளைகள் அவளை என்னென்னவோ சொன்னதுண்டு. எங்கள் வீட்டுக்குள், என் குரலில், அன்றுதான் கேட்டாள்.

மேடம் பிரென்டிஸ் எழுந்து புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் இன்னிக்கே ஆத்தைக் கடந்தாகணும். வழிகாட்ட ஒரு ஆள் வேணும்."

"என் தபால் வழி இந்தச் சத்திரத்தோட சரி, நான் திரும்பணும்," என்றார் ஓபதியா. வியாபாரிகள் ரொட்டியைப் பார்த்தார்கள். என் கணவர் மாவு மில்லுக்குப் போயிருந்தார்.

"தொழுவத்துல கேட்டுப் பாருங்க, யாராவது வருவாங்க," என்றேன்.

கெசியா வாளியை இறக்கி வைத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

காற்று கலந்த அந்தப் பேச்சு எல்லோருக்குமே புரிந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம்டி. மழைத்தண்ணி எப்படிப் போகுதுன்னு பாத்தியா?"

"விடும்மா." என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆற்றங்கரை வரை நான் பின்னாலேயே ஓடினேன். ஆற்றில் இறங்க இரண்டு துறைகள். மேல்துறையில் கூழாங்கல் தரை. கீழ்த்துறை பார்க்க அமைதியாக இருக்கும், நடுவில் மடு. போன வசந்தத்தில் ஒருவனை மாட்டோடு விழுங்கியது. கெசியா, மேடம் ஏறியிருந்த குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து மேல்துறைக்குத் திருப்பினாள். எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது, சொல்ல வெட்கமாயிருக்கிறது.

தண்ணீர் கெசியாவின் முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. நடு ஆற்றில் அவள் நின்றாள். திரும்பி, குதிரைமேலிருந்தவளை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். ஆற்றின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மேடம் பிரென்டிஸ் பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை. பழுத்த மேப்பிள் இலைகள் குதிரையின் வயிற்றில் வந்து ஒட்டின. கடிவாளம் கெசியாவின் கையில் இருந்தது. அவள் நகரவில்லை.